விளிம்பையும் விடமாட்டேன்

பிப்ரவரி 4

அண்ணா,

கிழித்துப் போடுவதாக இருந்தால் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கிழி.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணி போன் செய்தார். உன் தலைக்குள் கட்டி மறுபடியும் வளர்ந்திருக்கிறது என்றார். இரண்டாவது ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டரின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாயாமே. "நீயாவது சொல்லேன், நீ சொன்னா ஒருவேளை கேப்பாரு" என்று போனை உன் காதில் வைத்தார். நான் பேசவில்லை. என் மூச்சு மட்டும் உனக்குக் கேட்டிருக்கும். "யாரு, வெறும் காத்தா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். நான்தான் என்று உனக்குத் தெரியும்.

இரண்டு வருடம் ஆகிறது. ஒன்பதாம் வகுப்புப் பாதியில் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அன்றிலிருந்து நீ என்னோடு பேசுவதை விட்டாய். அதற்குப் பிறகு நான் இந்த ஊருக்கு வந்து ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே என்ன செய்கிறேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் போனில் சொல்லியிருக்க மாட்டேன். காகிதத்தில்தான் எனக்கு வாய் வரும்.

நீ லிப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்த பெட்டியிலிருந்து ஆறு பேரை இறக்கிவிட்டு, பசியோடு வீட்டுக்கு வந்தவன். முடியாது என்று ஒரு வேலையை நீ பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை.

நீ பாதியில் விட்டது ஒன்றே ஒன்றுதான். அது நான்.

உன் தங்கை

பிப்ரவரி 11

ஊமைக்கோட்டானுக்கு,

கிழிக்கலாம் என்றுதான் எடுத்தேன். கிழிக்க இரண்டு கை வேண்டும். என் இடது கை இப்போது விருந்தாளி மாதிரி. சோபாவில் கிடக்கிறது, ஒரு வேலையும் செய்வதில்லை, போகவும் மாட்டேன் என்கிறது. இந்தக் காகிதத்தை அது பிடிக்காது என்பதால் மேலே ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வட்டமாக ஒரு கறை இருந்தால் அது கண்ணீர் இல்லை, காபி.

கோபம் இன்னும் இருக்கிறது. பன்னிரண்டு வயதில் என் மேசையில் கிடந்த லிப்ட் வரைபடத்தைப் பார்த்து "இந்தக் கம்பி எங்கேயும் போகலியே அண்ணா" என்று கேட்டவள் நீ. உண்மையிலேயே அது எங்கேயும் போகவில்லை. வரைந்தவன் மறந்திருந்தான். அப்படிப்பட்டவள், பாடத்தைச் சத்தமாகப் படிக்கும்போது நாலு பேர் சிரித்தார்கள் என்று பையைக்கூட எடுக்காமல் வகுப்பிலிருந்து வெளியே நடந்துவிட்டாய். திரும்பவே இல்லை. உன்னை மன்னிப்பதா, அந்த நாலு பேரைத் தேடிப் போவதா என்று தெரியாமல் சும்மா இருந்துவிட்டேன்.

டாக்டர் சொன்னது இது. மறுபடி திறந்து எடுக்கலாம். அதோடு ஒரு புது மருந்து ஆராய்ச்சி நடக்கிறது, அதில் சேரலாம். நான் வேண்டாம் என்றேன். முதல் தடவை எடுத்தார்கள், ஆறு வாரம் கதிர்வீச்சு கொடுத்தார்கள், எட்டே மாதத்தில் திரும்பி வந்துவிட்டான். வந்தவன் என்னுடைய செல்தானாம், வேறு யாரும் இல்லையாம். சொந்த வீட்டுக்காரனோடு எத்தனை தடவை வழக்காடுவது?

அது இருக்கட்டும். நீ அங்கே என்ன செய்கிறாய்? தரை துடைக்கிறாயா? என் தலைக்குள் என்ன நடக்கிறது என்று அங்கே யாருக்காவது தெரியுமா? இங்கே டாக்டர் சுவரைப் பார்த்துப் பேசுகிறார். சுவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

அண்ணன்

பிப்ரவரி 20

அண்ணா,

தரை துடைக்கவில்லை. முதல் ஆறு மாதம் பாட்டில் கழுவினேன். இப்போது உன் எதிரிகளை எண்ணுகிறேன்.

பல ஊர்களிலிருந்து மூளைக்கட்டித் துண்டுகள் எங்கள் கூடத்துக்கு வரும். உன் ஊர் மருத்துவமனையிலிருந்தும் பெட்டி வரும். துண்டை மெழுகில் புதைத்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, ஸ்லைடில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார்கள். சீவுகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் சீவல்காரர். ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் செல்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். அவற்றை எண்ணுவதற்கு இருந்த அக்கா வேலையை விட்டுப் போனபோது சீவல்காரர்தான் கூடத்தை நடத்தும் மேடத்திடம் என்னைக் காட்டினார். "இந்தப் பொண்ணு பேசாது மேடம். பேசாதவங்கதான் எண்ணிக்கையை மறக்க மாட்டாங்க." ஐம்பது ஸ்லைடுகளை மேடம் எண்ணினார், அதையே நானும் எண்ணினேன். ஒத்துப்போனது. அன்றிலிருந்து அது என் நாற்காலி.

நீ கேட்டதற்கு வருகிறேன். உடம்புக்கென்று காவல் செல்கள் உண்டு. கட்டி செல்லைத் தேடிப்போய்க் கொல்லக்கூடியவற்றுக்கு எங்கள் சாயம் பழுப்பு நிறம் கொடுக்கும். குப்பையை விழுங்கிச் சுத்தம் செய்கிறவற்றுக்குச் சிவப்பு. சிவப்பில் பாதி மூளையிலேயே குடியிருப்பவை, மீதி இரத்தத்தோடு வந்து சேர்ந்தவை. அந்தச் சிவப்பு கட்டியைத்தான் விழுங்க வேண்டும். ஆனால் கட்டி அதைப் பேசியே மாற்றிவிடுகிறது. மாறிய பிறகு அது கட்டிக்குச் சோறு போட்டு, பழுப்பைத் தடுத்து நிறுத்துகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை. ஒரு ஸ்லைடில் மூன்றில் ஒரு பங்குகூடச் சிவப்பாக இருக்கும். பழுப்பு விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

இப்படித்தான் எழுதச் சொல்கிறார்கள். ஆனால் இதில் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது.

எங்கள் சுவரில் ஒரு விதித்தாள் ஒட்டியிருக்கிறது. ஸ்லைடுக்குப் பத்து இடம் பார். கட்டி அடர்ந்த இடத்தை எடு. செத்த பகுதியை விடு. இரத்தக்குழாயின் விளிம்பை விடு. நான் அப்படியே செய்தேன். பழுப்பு இரண்டு, ஒன்று, சில நாள் பூஜ்யம். அப்புறம் ஒருநாள் ஸ்லைடை நகர்த்தும்போது தெரிந்தது. பழுப்பு எல்லாம் விளிம்பில்தான் நிற்கின்றன. குழாயிலிருந்து இறங்கிய இடத்திலேயே, ஒரு அடி உள்ளே வைக்காமல். ஒவ்வொன்றையும் சுற்றி நாலைந்து சிவப்பு, தோளில் கை போட்டது மாதிரி. அவை வந்திருக்கின்றன அண்ணா. விதித்தாள்தான் வரவில்லை என்கிறது.

இதை யாரிடம் சொல்வது? சொல்ல வாய் வரவில்லை. அதனால் ஒவ்வொரு தாளின் அடியிலும் பென்சிலால் விளிம்பு எண்ணிக்கையையும் எழுதிவிடுகிறேன். நாலு மாதமாக.

உன் தலைக்குள்ளும் வந்து நிற்கலாம். நான் பார்த்ததில்லை, சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஆளே வரவில்லை என்று நீ கையைக் கட்டிக்கொண்டு உட்காராதே.

தங்கை

பிப்ரவரி 28

கோட்டானே,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன் அண்ணிக்கும் படித்துக் காட்டினேன். "உங்க தங்கச்சி வாயைத் தொறக்க மாட்டா, பேனாவைத் தொறந்தா ஊரையே கொளுத்திடுவா" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. லிப்ட் நகரவில்லை என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் கரண்ட் இருக்கும், மோட்டார் நன்றாக இருக்கும், கயிறு நன்றாக இருக்கும். கதவில் ஒருவன் நின்று பேசிக்கொண்டிருப்பான். அவன் நிற்கும்வரை கதவு மூடாது, கதவு மூடாதவரை பெட்டி நகராது. புதுசாக வந்த மெக்கானிக் மோட்டாரைக் கழற்றுவான். எட்டு வருடம் வேலை பார்த்தவன் "கொஞ்சம் நகருங்க சார்" என்பான். என் தலைக்குள்ளும் அதுதானே? மோட்டார் கெடவில்லை. கதவில் சிவப்பன் நிற்கிறான்.

நேற்றே டாக்டரிடம் போனேன். அந்த ஆராய்ச்சி மருந்து என்ன செய்யும் என்று கேட்டேன். கதவில் நிற்பவனை நகர்த்தப் பார்க்கும் மருந்துதான் என்றார், அதாவது அவர் பாஷையில் சுவரிடம் சொன்னார். வேலை செய்யுமா என்று யாருக்கும் தெரியாது, அதற்குத்தான் ஆராய்ச்சி என்றார். சேர்கிறேன் என்றேன். அண்ணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு நிபந்தனை. மூளை வீக்கத்துக்கு நான் தினமும் விழுங்கும் மாத்திரை குறைவான அளவில் இருந்தால்தான் சேர்ப்பார்களாம். என் அளவு எல்லைக்கோட்டில் இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அந்த மாத்திரைக்கும் ஆராய்ச்சிக்கும் என்ன பகை? உன் மேடத்திடம் கேட்டு எழுது. வாயால் கேள். பென்சிலால் வேண்டாம்.

அண்ணன்

மார்ச் 7

அண்ணா,

கேட்டேன். வாயால்.

மேடம் எல்லோருக்கும் எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் ஸ்லைடுத் தட்டோடு கதவருகே நின்று கேட்டேன். மேடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மூளை வீக்கத்தைக் குறைக்கிற மாத்திரை, சண்டை போடற செல்லையும் சேத்துத் தூங்க வெச்சிடும். அதனாலதான் அந்த மாத்திரை நெறைய சாப்புடறவங்களை இந்த மாதிரி ஆராய்ச்சியில சேத்துக்க மாட்டாங்க."

ஆக, நம் ஆட்களுக்குத் தாலாட்டுப் பாடுவது அந்த மாத்திரைதான். கதவுக்கு வெளியே சிவப்பன், பையில் மாத்திரை. இரண்டு பக்கமும் அடி. எனக்கு அந்த மாத்திரை மேல் அவ்வளவு ஆத்திரம் வருகிறது.

தங்கை

மார்ச் 27

கோட்டானே,

எழுத்து கோணலாக இருக்கும். டம்ளரும் நகர்கிறது, நானும் நகர்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே மாத்திரையை நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. அண்ணி கொடுப்பாள், நான் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, முகம் கழுவும் தொட்டியில் துப்பிவிடுவேன். மூன்று நாள் ராஜா மாதிரி இருந்தேன். நம் ஆட்கள் கொட்டாவி விட்டு எழுந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நாலாவது நாள் தலைவலி. அதையும் சண்டைச் சத்தம் என்று நினைத்தேன். ஐந்தாவது நாள் காலையில் வாசற்கதவின் தாழ்ப்பாளைத் தேடிக்கொண்டே விழுந்தேன். வலிப்பு. ஆம்புலன்ஸ் வந்தது. எங்கள் கட்டிடத்து லிப்ட் அன்று பழுது. என்னை நாலு மாடி படிக்கட்டில் தூக்கி இறக்கினார்கள். சிரிக்காதே. சரி, சிரி.

தலைக்குள் வீக்கம் ஏறிவிட்டதாம். இப்போது மாத்திரை முன்னைவிட மூன்று மடங்கு. ஆராய்ச்சியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கதவு மூடியாகிவிட்டது.

அண்ணி உன் கடிதங்களை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். "இனிமே அவ எழுதக் கூடாது" என்றாள். அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். இல்லை, தெரியும். தபால்தலை அவள்தான் வாங்கி வந்தாள்.

அண்ணன்

ஏப்ரல் 9

பதில் இல்லை. இரண்டாவது தடவை பையை எடுக்காமல் வகுப்பிலிருந்து வெளியே போகிறாயா?

அண்ணன்

ஏப்ரல் 15

அண்ணா,

ஆமாம், போய்விட்டேன். ஆனால் எப்போது போனேன் என்று உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இத்தனை நாள்.

மார்ச் மாதம் மேடத்திடம் கேட்டேனே, அன்று அறையில் ஆறு பேர் இருந்தார்கள். நான் வாயைத் திறந்ததும் ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "அட, இது பேசுமா!" என்று ஒருவர் சொன்னார். எனக்குக் காது கொதித்தது. நான் உனக்கு எழுதிய இரண்டு வாக்கியங்களை மேடம் சொன்னார். அப்புறம் "ஆனா" என்றார். அந்த "ஆனா"வுக்குப் பிறகு நான் அந்த அறையில் இல்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பாதியைக் கேட்டு, பாதியை எழுதி, மீதியில் என் ஆத்திரத்தை நிரப்பி உனக்கு அனுப்பினேன்.

உன் கடிதம் வந்த பிறகு ஒன்பது நாள் என்னால் மைக்ராஸ்கோப்பில் கண் வைக்க முடியவில்லை. பத்தாவது நாள் மேடத்தின் அறைக்குப் போனேன். அன்றும் நாலு பேர் இருந்தார்கள். "அன்னைக்கு ஆனான்னு சொன்னீங்க மேடம். அதுக்கப்பறம் என்ன?" என்றேன். அவருக்குப் புரியவில்லை. உன்னைப் பற்றிச் சொன்னேன். எல்லோர் முன்னாலும். அழுதுகொண்டேதான் சொன்னேன், ஆனால் கடைசிவரை சொன்னேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஆனா, அந்த மாத்திரை இல்லன்னா வீக்கமே ஆளைக் கொன்னுடும். தானா நிறுத்தவே கூடாது. கொறைக்கறதுன்னா டாக்டர் சொல்லி, கொஞ்சங் கொஞ்சமா. இதான் மிச்சம்."

இதுதான் மிச்சம் அண்ணா. ஒரு நிமிஷம் நின்றிருந்தால் கேட்டிருப்பேன்.

வெளியே போகத் திரும்பினேன். மேடம் கூப்பிட்டார். கையில் என் தாள்கள். "பென்சில்ல இது யாரு கிறுக்கினது?"

"நான்தான்."

"எத்தனை ஸ்லைடுல?"

"எல்லாத்துலயும். இருநூத்திப் பத்து."

"விளிம்பை விடணும்னு சுவத்துல ஒட்டியிருக்கே, படிக்கலியா?"

"படிச்சேன் மேடம். அவங்க அங்கதானே நிக்கறாங்க? நிக்கற எடத்தை விட்டுட்டு எண்ணி, ஆளே இல்லன்னு எழுதினா எப்படி?"

சீவல்காரர் பின்னால் இருமினார். அவர் சிரிப்பை அடக்கும்போது இருமுவார்.

"எதுவரைக்கும் படிச்சிருக்கே?" என்று மேடம் கேட்டார்.

"ஒன்பதாவது. பாதி."

மேடம் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இது ஒண்ணும் புதுசு இல்ல. மத்த எடங்கள்ல பாத்து எழுதியிருக்காங்க. கட்டியோட நடுப்பகுதியை மட்டும் ஒப்பிட்டுப் பாக்கத்தான் அந்த விதியைப் போட்டோம், அதுக்கு ஒரு காரணம் இருந்தது. ஆனா" என்றார்.

நான் நின்றேன். கால் கதவுப் பக்கம் திரும்பிவிட்டது, இருந்தும் நின்றேன்.

"ஆனா, நம்மகிட்ட வந்த நாப்பத்திரெண்டு பேருக்கு இந்த எண்ணிக்கை நம்மகிட்ட இல்ல. இப்ப இருக்கு. பேனாவுல எழுது."

படித்திருக்கலாமே என்று நீ சொல்வாய். படித்திருந்தால், விடு என்று சொன்னதை விட்டிருப்பேன் அண்ணா. இதை நான் திமிரோடுதான் சொல்கிறேன். ஆனால் உன் விஷயத்தில் எனக்குத் திமிர் இல்லை. உனக்கு ஒரு கதவு இருந்தது. அதை நான் மூடினேன்.

தங்கை

ஏப்ரல் 24

தங்கச்சி,

என் முட்டாள்தனத்தில் பங்கு கேட்காதே. நீ எழுதியது பாதி வாக்கியம். கன்னத்தில் மாத்திரையை ஒதுக்கியது முழுக்க முழுக்க நான். வரைபடத்தைப் பார்க்காமல் கம்பியை வெட்டுகிற மெக்கானிக்கை நானே வேலையை விட்டு அனுப்பியிருக்கிறேன். எல்லைக்கோட்டில் இருந்த ஆளை எப்படியும் சேர்த்திருப்பார்களா என்றும் தெரியாது. டாக்டரைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

இப்போது நான் சொல்வதைக் கடைசிவரை நின்று கேள்.

ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டேன். மே எட்டாம் தேதி. ஆராய்ச்சி மருந்து கிடையாது. வெறும் கத்தி. அதனால் குணமாகாது, நாள் கூடும், எவ்வளவு என்று தெரியாது. தெரிந்துதான் போகிறேன். லிப்ட் ஓடாவிட்டால் படிக்கட்டு. நாலு மாடி என்னைத் தூக்கி இறக்கினார்களே, அதே படியில் நானே ஏறி வருவேன். முதலில் வேண்டாம் என்றேனே, அது அலுப்பு. அதைத் தைரியம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

இன்னொரு தாளிலும் கையெழுத்துப் போட்டேன். எடுக்கிற துண்டை உங்கள் கூடத்துக்கு அனுப்பச் சொல்லி. அண்ணி சண்டை போட்டாள். "உங்க தலையில இருந்து எடுத்ததை அந்தச் சின்னப் பொண்ணு பாக்கணுமா?" என்றாள். நான் சொன்னேன், இத்தனை நாள் என் தலைக்குள் வாடகை இல்லாமல் இருந்தவன், போகும்போதாவது வேலை செய்துவிட்டுப் போகட்டும் என்று. யோசித்தாள். சாட்சிக் கையெழுத்து அவள்தான் போட்டாள். பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது, அவ்வளவு கோபம்.

பள்ளிக்கூட விஷயத்தில் நான் இரண்டு வருடம் பேசாமல் இருந்தது தப்பு. நீ ஓடியது ஒரு நாள். நான் ஓடியது இரண்டு வருடம்.

என்னுடையதை நீயே எண்ணு. விளிம்பையும் சேர்த்து.

அண்ணன்

மே 3

அண்ணா,

உன்னுடையதை நான் எண்ண மாட்டேன். கோபப்படாமல் கேள்.

துண்டுகள் எண் மட்டும் போட்டு வரும், பெயர் இருக்காது. எண்ணுகிறவருக்கு யாருடையது என்று தெரியக் கூடாது. தெரிந்தால் கண் பொய் சொல்லும். உன்னுடையது என்று நினைத்தால் நான் சிவப்பைப் பார்த்துப் பழுப்பு என்று சொல்லிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். அதனால் நானே போய்ச் சொன்னேன், எட்டாம் தேதியிலிருந்து ஒரு வாரத்துக்கு உன் ஊரிலிருந்து வரும் எதையும் எனக்குத் தர வேண்டாம் என்று. மேடம் "கேக்காமலே வந்து சொல்றியே" என்றார். சீவல்காரர் எண்ணுவார். அவருக்குப் பொறுமை இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு நாள் பழக்கிக்கொண்டிருக்கிறேன். "நான் சொல்லிச் சேத்துவிட்ட பொண்ணு என்னையே அதட்டுது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ஆனால் எப்படி எண்ண வேண்டும் என்பது நான் எழுதியதுதான். சுவரில் இருந்த பழைய தாளைக் கிழித்தாயிற்று. புதுத் தாள் என் கையெழுத்தில் இருக்கிறது. ஸ்லைடுக்குப் பத்து இடம் உள்ளே, பத்து இடம் விளிம்பில். ஒவ்வொரு பழுப்பையும் எத்தனை சிவப்பு தொட்டுக்கொண்டிருக்கிறது என்று தனியாக எழுது. இரண்டையும் ஒன்றாகக் கூட்டாதே. எதையும் விடாதே.

அந்தக் கடைசி வரி தேவையில்லை என்றார் மேடம். எடுக்க மாட்டேன் என்றேன். இருக்கட்டும் என்றுவிட்டார்.

இதனால் உனக்கு ஒரு நாள்கூடக் கூடப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பாதியையும் மறைக்காமல் எழுதுகிறேன். கதவில் நிற்கிறவனை எப்படி நகர்த்துவது என்று யாரோ ஒருநாள் கண்டுபிடிப்பார்கள். அதற்கு முதலில் அவன் நிற்கிறான் என்று எழுதி வைக்க வேண்டும். அதை நான் செய்கிறேன்.

ஏழாம் தேதி சாயங்காலம் போன் செய்கிறேன். மூச்சு மட்டும் கேட்டால் வைத்துவிடாதே. கொஞ்ச நேரம் ஆகும். பேசுவேன்.

தங்கை

மே 21

கோட்டானே,

பத்தொன்பது நிமிஷம் பேசினாய். அண்ணி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் மூச்சு ஒரு நிமிஷம்கூட இல்லையாம். இனிமேல் உன்னை என்ன பெயரில் கூப்பிடுவது என்று யோசிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். வாசலில் வண்டியை விட்டு இறங்கியதும் லிப்டைப் பார்த்தேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் முதல் மாடி வரைக்கும் படியில் ஏறினேன். ஒரு பக்கம் அண்ணி, ஒரு பக்கம் கைப்பிடி. ஒரு மாடிக்கு இருபத்தைந்து நிமிஷம். மீதி மூன்று மாடி பாக்கி இருக்கிறது, அவசரம் இல்லை. விருந்தாளிக் கை நேற்று ஒரு விரலை அசைத்தது. தானாகவா, நான் சொல்லியா என்று தெரியவில்லை. நன்றி சொல்லி வைத்தேன்.

கிளம்பும்போது டாக்டர் எதிரில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து, இனி எத்தனை மாதம் இருக்கலாம் என்று ஒரு எண்ணைச் சொன்னார். சின்ன எண். அண்ணி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் கேட்டேன், "விளிம்பையும் சேத்து எண்ணினீங்களா டாக்டர்?"

அண்ணன்